தொழில் செறிவை அளக்கும்போது எல்லையை எங்கே வரைவது?

ஒரு நாட்டின் உற்பத்தித் துறை எத்தனை பேர் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் விடை சொல்லும் கட்டுரை எதைப் படித்தாலும், அந்த எண்ணைப் பெறுவதற்கு முன் எந்தெந்தக் கோடுகள் வரையப்பட்டன என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். எவையெல்லாம் ஒரே பொருள், எந்த நிலப்பரப்பு ஒரே சந்தை, எந்தெந்த ஆலைகள் ஒரே நிறுவனம் என்ற மூன்று கோடுகளையும் வரைந்து முடித்த பிறகே செறிவு என்ற ஒன்றை அளக்க இயலும். கோடுகள் இடம் மாறினால், ஓர் ஆலைகூட மூடப்படாமலும் ஒரு பங்குகூடக் கைமாறாமலும், எண் இரண்டு மடங்காகவோ ஐந்து மடங்காகவோ ஆகிவிடும். கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்துகொண்டு பாலக்காட்டில் தொழில் பொருளாதாரம் கற்பிக்கும் எனக்கு இது பாடநூலில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தி மட்டுமன்று. மாநில எல்லையின் இரு பக்கமும் நாள்தோறும் கண்ணில் படுகிற விஷயம்.

வாளையாரை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள அரசுக்குச் சொந்தமான மலபார் சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிமடையைத் தாண்டினால் மதுக்கரையில் ஏசிசி நிறுவனத்தின் பழைய ஆலை. இரண்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே கணவாய்ப் பகுதிதான். இரண்டின் மூட்டைகளும் பாலக்காட்டுக் கணவாய் வழியே போகும் அதே நெடுஞ்சாலையில்தான் ஏறுகின்றன. ஆனால் மாநில வாரியாகத் தொகுக்கப்படும் புள்ளிவிவர அட்டவணையில் ஒன்று கேரளத்தின் வரிசையிலும் மற்றொன்று தமிழ்நாட்டின் வரிசையிலும் போய் உட்கார்ந்துவிடும். கேரளத்துக்குள் நடக்கும் சிமெண்ட் உற்பத்தியை மட்டும் வைத்துச் செறிவைக் கணக்கிட்டால், இங்கே ஏறத்தாழ முற்றுரிமை நிலவுவதாகத் தெரியும். ஏனெனில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்கிச் சாம்பல்நிற சிமெண்ட் வரை முழுமையாகத் தயாரிக்கும் ஆலை மாநிலத்துக்குள் அது ஒன்றுதான். அதே மலபார் சிமெண்ட்ஸ் கேரளத்தின் தேவையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே நிறைவு செய்கிறது. மீதி மூட்டைகள் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருகின்றன. முற்றுரிமை என்று அட்டவணை காட்டும் இடத்தில், வீடு கட்டுகிறவர் கடையில் பல பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

கோடுகளைப் பற்றி விரிவாகப் பேசுவதற்கு முன், அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக எளியது செறிவு விகிதம்: சந்தையின் மொத்த விற்பனையில் முதல் மூன்று, நான்கு அல்லது எட்டு நிறுவனங்களின் பங்கைக் கூட்டிச் சொல்வது. இதன் குறை ஓர் எடுத்துக்காட்டிலேயே தெரிந்துவிடும். ஒரு தொழிலில் நான்கு நிறுவனங்களுக்குத் தலா 20 சதவீதமும், பத்துச் சிறு நிறுவனங்களுக்குத் தலா 2 சதவீதமும் பங்கு இருப்பதாகக் கொள்வோம். இன்னொரு தொழிலில் ஒரே நிறுவனத்துக்கு 65 சதவீதம், அடுத்த மூன்றுக்குத் தலா 5 சதவீதம், பத்துச் சிறு நிறுவனங்களுக்கு அதேபோலத் தலா 2 சதவீதம். இரண்டிலும் நால்வர் செறிவு விகிதம் 80 சதவீதம்தான். ஆனால் முதல் தொழிலில் நால்வர் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு விலை வைக்க வேண்டும். இரண்டாவதில் ஒருவர் வைத்த விலையை மற்றவர்கள் பின்தொடர வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்காகத்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டும் ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு வந்தது. சதவீதங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் தொழிலுக்கு 1,640, இரண்டாவதற்கு 4,340. முழு முற்றுரிமைக்கு 10,000. இந்த 10,000-ஐக் குறியீட்டால் வகுத்தால், சமமான அளவுள்ள எத்தனை நிறுவனங்கள் இருப்பதற்கு இந்தச் சந்தை ஒப்பாகும் என்பதும் கிடைக்கும்: முதலாவது ஏறத்தாழ ஆறு நிறுவனங்களுக்கு ஒப்பு, இரண்டாவது இரண்டே கால் நிறுவனத்துக்குச் சற்று மேல். மாணவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டாம் வடிவத்தையே பரிந்துரைப்பேன், ஏனெனில் 4,340 என்ற எண் மனத்தில் எதையும் தோற்றுவிப்பதில்லை; 'கிட்டத்தட்ட இரண்டு பேர்' என்றால் உடனே புரிகிறது.

குறியீட்டின் பெயரில் உள்ள இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள் அல்லர். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-இல் நாடுகளின் அயல்வணிகம் எத்தனை நாடுகளிடம் குவிந்திருக்கிறது என்பதை அளக்க இத்தகைய ஒரு குறியீட்டைப் பயன்படுத்தினார்; ஓரிஸ் ஹெர்ஃபின்டால் 1950-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எஃகுத் தொழில் பற்றிய தம் முனைவர் பட்ட ஆய்வில் இதைக் கையாண்டார். எஃகிலிருந்து பிறந்த அளவுகோல் என்பதால், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டின் உருக்காலைகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அமெரிக்க நீதித் துறை நிறுவன இணைப்புகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளில் 1982-இல் இதைச் சேர்த்தது; அப்போது 1,800-க்கு மேற்பட்ட சந்தை உயர் செறிவுள்ளது எனப்பட்டது. 2010-இல் அந்த வரம்பு 2,500-ஆக உயர்த்தப்பட்டது. 2023-இல் மீண்டும் 1,800-க்கே கொண்டுவரப்பட்டது. ஒரே சந்தை, 2,000 என்ற ஒரே எண், ஆனால் 2009-இல் உயர் செறிவு, 2015-இல் நடுத்தரச் செறிவு, 2024-இல் மறுபடியும் உயர் செறிவு. இந்தியச் சட்டத்தில் இப்படிப்பட்ட எண் வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, இணைப்புகளை மதிப்பிடும்போது கருத வேண்டிய பல காரணிகளுள் ஒன்றாகச் சந்தைச் செறிவைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது. என் கருத்தில் அது குறையன்று.

இனி நிலப்பரப்பின் கோடு. இதில்தான் எங்கள் எல்லைப் பகுதி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரு நாட்டில் ஒரே அளவுள்ள ஐந்து பிரதேசங்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு இரண்டு நிறுவனங்கள் சந்தையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கொண்டால் பத்து நிறுவனங்களுக்குத் தலா 10 சதவீதம், குறியீடு 1,000, போட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாம். ஒவ்வொரு பிரதேசத்தையும் தனிச் சந்தையாகக் கொண்டால் எங்கு பார்த்தாலும் 5,000. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் இருவரிடம் மட்டுமே விலை கேட்க முடிகிற ஒரு நாட்டை, தேசியக் குறியீடு பத்து விற்பனையாளர்கள் உள்ள நாடாகக் காட்டுகிறது. கணினிச் சில்லு போன்று எடை குறைந்து விலை மிகுந்த பொருளுக்கு நாட்டளவுக் கணக்கு, ஏன் உலக அளவுக் கணக்கே, பொருந்தலாம். சிமெண்டுக்குப் பொருந்தாது. எடை மிகுதி, விலை குறைவு, நாள்பட்டால் ஈரம் ஏறிக் கெட்டியாகிவிடும் தன்மை. ஆகவே லாரி வாடகை, ரயில் கட்டணம் ஆகியவைதான் ஓர் ஆலையின் சந்தை எதுவரை என்பதைத் தீர்மானிக்கின்றன. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடத்தில்தான் ஆலை அமையும் என்பதால் அரியலூர், விருதுநகர், திருநெல்வேலி, கடப்பா, கர்நூல் என்று ஆலைகள் சில இடங்களில் குவிந்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல் அருகிக் கிடைக்கும் கேரளம் அவற்றின் வாடிக்கையாளராக இருக்கிறது.

அப்படியானால் சந்தையின் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? கென்னத் எல்சிங்கா, தாமஸ் ஹோகார்ட்டி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973-இல் முன்வைத்த சோதனை எங்களைப் போன்ற எல்லைவாசிகளுக்கு மிகவும் இயல்பாகப் புரியக்கூடியது. ஒரு பகுதியில் நுகரப்படும் பொருளில் எவ்வளவு அந்தப் பகுதிக்குள்ளேயே தயாரானது என்று பார். அங்கே தயாராகும் பொருளில் எவ்வளவு அங்கேயே விற்பனையாகிறது என்று பார். இரண்டும் 75 சதவீதத்துக்கு, கடுமையாக வேண்டுமென்றால் 90 சதவீதத்துக்கு, மேல் இருந்தால் அது ஒரு தனிச் சந்தை. கேரளத்தின் சிமெண்ட் இதில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். பாலக்காடு மாவட்டத்தையும் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் சேர்த்துப் போட்டாலும், அரியலூரிலிருந்து வரும் சரக்கு குறுக்கே நிற்கும். கோடு மேலும் மேலும் விரிந்து, கடைசியில் தென் மாநிலங்கள் அனைத்தும் ஒரே சந்தை என்ற முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இந்தச் சோதனையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சரக்கு எல்லை தாண்டி வருகிறது என்பதாலேயே அந்தச் சரக்கு இங்குள்ள விலையைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆகாது. இங்கே விலை ஏற்கெனவே உயர்ந்துவிட்டதால்தான் தொலைவிலிருந்து சரக்கு வந்துகொண்டிருக்கக்கூடும்.

2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நின்றுபோயின. அதுவரை வாளையாரில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காட்சியை இந்தப் பகுதியில் வளர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வரியின் கோடு அழிந்த பிறகும் புள்ளிவிவரத்தின் கோடு அப்படியே இருக்கிறது. மாநிலங்களுக்கிடையே செல்லும், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பெரும்பாலான சரக்குகளுக்கும் மின்வழிச் சீட்டு, அதாவது எல்லோரும் சொல்லும் இ-வே பில், இப்போது பதிவாகிறது. எந்தப் பொருள் எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்ற தொகுப்பை, விற்பவர் பெயரை மறைத்து, ஆய்வாளர்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால் சந்தை எல்லை பற்றிய நம் ஊகங்களில் பெரும்பகுதி தேவையற்றுப் போகும் என்பது என் உறுதியான கருத்து. போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நிலப்பரப்புச் சந்தையைத் தீர்மானிக்கும்போது போக்குவரத்துச் செலவு, விநியோக வசதி, வட்டாரத் தேவைகள் ஆகியவற்றோடு மொழியையும் ஒரு காரணியாகக் கருதச் சொல்கிறது. சிமெண்டுக்கு மொழி இல்லை. ஆனால் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படும் சித்தூர் தாலுகாவில் நாளிதழுக்கோ பாடநூலுக்கோ சந்தையை வரையறுக்க முயல்கிறவருக்கு, அந்த ஒரு சொல் எவ்வளவு யோசித்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

பொருளின் கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் உற்பத்தித் துறை 10 முதல் 33 வரையுள்ள இரட்டை இலக்கப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 23 என்ற பிரிவில் கண்ணாடி, ஓடு, செங்கல், பீங்கான், சிமெண்ட் எல்லாம் அடங்கும். செங்கல் சூளையும் சிமெண்ட் ஆலையும் ஒரே தொழில் என்று கொண்டால் செறிவு மிகக் குறைவாகத்தான் தெரியும். நான்கு இலக்கத்துக்கு இறங்கினால் 2394-இல் சிமெண்டோடு சுண்ணாம்பும் பிளாஸ்டரும் மட்டும் மிஞ்சும்; குறியீடு பல மடங்கு ஏறும். இலக்கம் எத்தனை என்று சொல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. இறக்குமதியையும் மறந்துவிடக் கூடாது. உள்நாட்டில் ஒரே ஒருவர் தயாரிக்கும் பொருள் துறைமுகங்கள் வழியே தாராளமாக வந்து இறங்குகிறது என்றால், உள்நாட்டு உற்பத்தியை மட்டும் மொத்தச் சந்தையாக, அதாவது பங்குகளைக் கணக்கிட வகுக்கும் எண்ணாக, வைத்த குறியீடு அந்த ஒருவருடைய ஆற்றலை மிகைப்படுத்திக் காட்டும்.

மூன்றாவது கோடு உரிமையின் கோடு. இதுதான் மூன்றிலும் கடினமானது என்று நான் நினைக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் எத்தனை சிமெண்ட் நிறுவனங்களின் சரக்கு விற்கிறீர்கள் என்று கேட்டபோது, "பேரு எத்தனை வேணும்னாலும் அடுக்கி வெச்சிருக்கேனுங்க சார். யாரு கம்பெனின்னு கேட்டீங்கன்னா வெரல் விட்டு எண்ணிரலாமுங்க" என்றார். செறிவு பற்றி ஒரு பருவம் முழுக்க நான் நடத்தும் பாடத்தின் மையம் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. மூட்டையின் மேல் இருப்பது பெயர்; பெயருக்குப் பின்னால் ஆலை; ஆலைக்குப் பின்னால் பதிவு பெற்ற நிறுவனம்; நிறுவனத்துக்குப் பின்னால் அதைக் கட்டுப்படுத்தும் குழுமம். எந்தப் படியில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நாட்டின் உற்பத்தித் துறைக்கு மிக விரிவான தரவு தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதன் அலகு நிறுவனம் அன்று, தொழிற்சாலை. ஒரே நிறுவனத்துக்கு ஐந்து ஆலைகள் இருந்து ஒவ்வொன்றுக்கும் சந்தையில் 10 சதவீதம் பங்கு என்றால், தொழிற்சாலை வாரியாகக் கணக்கிடும்போது குறியீட்டில் அவற்றின் பங்களிப்பு 500. நிறுவன வாரியாகக் கணக்கிட்டால் 2,500. பொதுவெளியில் கிடைக்கும் அலகு நிலைத் தரவில், அதாவது ஆலை ஒவ்வொன்றுக்குமான தனித் தரவில், ஆலைகளின் அடையாளம் மறைக்கப்பட்டிருப்பதால் எந்தெந்த ஆலைகள் ஒரே கையில் இருக்கின்றன என்பதை வெளியிலிருந்து சேர்த்துப் பார்க்க வழியில்லை. தகவல் தந்தவரின் இரகசியத்தைக் காப்பது சட்டக் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெயரை வெளியிடாமலேயே, நிறுவனங்களை உள்ளே ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட செறிவு எண்ணை மட்டும் வெளியிடலாம் அல்லவா? அமெரிக்காவின் கணக்கெடுப்புத் துறை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை நடத்தும் பொருளாதாரக் கணக்கெடுப்பில் 4, 8, 20, 50 பெரிய நிறுவனங்களின் பங்கை ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படித்தான் வெளியிட்டு வருகிறது.

இந்தியாவுக்கு இந்த அக்கறை புதிதன்று. 1964-இல் நீதிபதி கே. சி. தாஸ் குப்தா தலைமையில் அமைக்கப்பட்டு 1965-இல் அறிக்கை தந்த முற்றுரிமை விசாரணை ஆணையம், பொருள் வாரியான செறிவு, நாடளாவிய செறிவு என்று இரண்டைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு பொருளில் முதல் மூன்று உற்பத்தியாளர்களின் பங்கு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உயர் செறிவு, 60 முதல் 75 வரை நடுத்தரம், 50 முதல் 60 வரை குறைவு, 50-க்குக் கீழ் செறிவு இல்லை என்று அது வகுத்தது. நாடளாவிய செறிவுக்கு அது தனி நிறுவனங்களை எண்ணாமல் குழுமங்களை எண்ணியது: 75 குழுமங்களின் கட்டுப்பாட்டில் 1,536 நிறுவனங்கள் இருந்தன, அரசும் வங்கியும் சாராத நிறுவனங்களின் மொத்தச் சொத்தில் அவற்றின் பங்கு 46.9 சதவீதம். ஏறக்குறைய அதே காலத்தில் பொருளாதார அறிஞர் ஆர். கே. ஹசாரி, பெயரளவில் தனித்தனியாக இருக்கும் நிறுவனங்கள் ஒன்றில் ஒன்று வைத்திருக்கும் பங்குகளையும் அவற்றுக்குப் பொதுவாக இருக்கும் இயக்குநர்களையும் பின்தொடர்ந்து சென்று குழுமத்தின் உண்மையான எல்லையைத் தேடினார். கணினி வசதி இல்லாத காலத்தில் கையால் செய்யப்பட்ட அந்த வேலையின் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. அந்த அறிக்கைகளின் தொடர்ச்சியாகத்தான் 1969-இல் முற்றுரிமை மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம் வந்தது. பொருளின் சந்தையை விட்டுவிட்டு 20 கோடி ரூபாய் சொத்து என்ற வரம்பைப் பிடித்துக்கொண்டதால், அது செறிவைத் தடுப்பதைவிட விரிவாக்கத்தைத் தடுக்கும் சட்டமாக ஆகிவிட்டது என்பது என் மதிப்பீடு. அந்த வரம்பு 1985-இல் 100 கோடியாக உயர்ந்தது, 1991-இல் நீக்கப்பட்டது.

இன்றைய சிமெண்டுக்குத் திரும்பினால் உரிமையின் கோடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தெரியும். 2022-இல் அம்புஜா, ஏசிசி இரண்டும் சுவிட்சர்லாந்து நிறுவனமான ஹோல்சிமிடமிருந்து அதானி குழுமத்துக்குச் சென்றன. அதற்கு முன்பும் அவை இரண்டும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ்தான் இருந்தன என்பதால், அந்த விற்பனையால் மட்டும் செறிவுக் குறியீடு ஏறவில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனி நிறுவனமாக எண்ணிய கணக்குகள் விற்பனைக்கு முன்பும் பின்பும் ஒருசேரக் குறைத்தே சொல்லிக்கொண்டிருந்தன. 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனம், தாழையூத்தில் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸைத் தன் துணை நிறுவனமாக்கிக்கொண்டது வேறு வகை. அது இரண்டு தனிப் போட்டியாளர்கள் ஒன்றாவது. இணையும் இரண்டின் பங்குகளையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் குறியீடு எவ்வளவு ஏறும் என்பது கிடைக்கும். 15 சதவீதமும் 10 சதவீதமும் இணைந்தால் 300 புள்ளிகள். எந்தப் பங்கு, நாடு முழுவதிலுமா, தென் மாநிலங்களிலா, கேரளத்துக்குள் விற்கப்படுவதிலா என்று கேட்டவுடன் மறுபடியும் நிலப்பரப்பின் கோட்டுக்கே வந்து நிற்கிறோம். நாட்டளவில் சிறிதாகத் தெரியும் ஏற்றம், இணையும் இருவரும் ஒரே பிரதேசத்தில் விற்றுக்கொண்டிருந்தால் அங்கே பெரிதாக இருக்கும்.

இந்த மூன்று கோடுகளையும் சரியாக வரைந்த பிறகும் பிழை நுழையும் ஒரு வாசல் இருக்கிறது: வகுக்கும் எண். சிறு உற்பத்தியாளர்களை விட்டுவிட்டாலும் குறியீட்டுக்குப் பாதகமில்லை, வர்க்கப்படுத்தும்போது அவர்கள் கரைந்துபோவார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. தலா 0.1 சதவீதம் பங்குள்ள 300 பட்டறைகள் சேர்ந்து சந்தையில் 30 சதவீதத்தை வைத்திருந்தாலும், அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை வெறும் 3. ஆனால் அந்தப் பட்டறைகள் தரவிலேயே இல்லை என்றால் மொத்தச் சந்தை 70 ஆகச் சுருங்கி, பெரிய நிறுவனங்களின் பங்கு ஒவ்வொன்றும் ஊதிப்போகும். 0.7-இன் வர்க்கம் 0.49, ஆகவே குறியீடு ஏறத்தாழ இரட்டிக்கும். 900 ஆக இருக்க வேண்டியது 1,830-ஐத் தாண்டி, அமெரிக்க வழிகாட்டு நெறிப்படி உயர் செறிவுக்குள் போய்விடும். நம் ஆண்டுக் கணக்கெடுப்போ, மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்ற வரம்புக்கு மேற்பட்ட பதிவு பெற்ற தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டு வளர்ந்தது. நிறுவனங்களின் நிதி அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்படும் தரவுத்தளங்களில் விடுபடுவது இன்னும் அதிகம். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் உற்பத்தியில் செறிவை அளக்கப் போகிறவர், வீட்டின் பின்புறம் கல் கொத்திப் பொருத்தித் தரும் சிறு பட்டறைகளை எண்ணாமல் அளந்தால், இல்லாத ஒரு முற்றுரிமையைக் கண்டுபிடித்துவிடுவார். கூட்டு நிறுவனமல்லாத தொழில்களுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பு இப்போது தொடர்ந்து வருவதால், இந்த வகுக்கும் எண்ணைத் திருத்திக்கொள்ள முன்பைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கி முறுக்குக் கம்பி தயாரிக்கும் ஆலைகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். நாட்டளவில் எஃகு என்றால் சில பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தப் பகுதியில் வீடு கட்ட வாங்கும் கம்பிக்கு அந்தப் பெயர்களோடு உள்ளூர் ஆலைகளும் போட்டியிடுகின்றன.

தொழில் வாரியான குறியீடுகள் கிடைத்த பிறகு, நாட்டின் உற்பத்தித் துறை முழுமைக்கும் ஓர் எண் வேண்டும் என்பார்கள். பொதுவாக மதிப்புக் கூட்டலின் பங்கை எடையாக வைத்துச் சராசரி எடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தொழிலின் குறியீடு 400, இன்னொன்றின் குறியீடு 2,000. எடை 70-க்கு 30 என்றால் சராசரி 880. பத்தாண்டு கழித்து இரண்டு தொழில்களுக்குள்ளும் எதுவும் மாறாமல், இரண்டாவது தொழில் வளர்ந்ததால் எடை 50-க்கு 50 ஆகிவிட்டால் சராசரி 1,200. 'நாட்டில் செறிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது' என்ற தலைப்பு பொய்யன்று. ஆனால் ஒரு சந்தையிலும் ஒரு போட்டியாளர்கூடக் குறையவில்லை. தொழிலுக்குள் நடந்த மாற்றம் எவ்வளவு, தொழில்களின் கலவை மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது மிகச் சிறிய கூடுதல் வேலை, அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. இதிலிருந்து முற்றிலும் வேறானது, சில குழுமங்கள் பல தொழில்களிலும் சேர்த்து வைத்திருக்கும் மொத்த எடை. ரிசர்வ் வங்கியின் முன்னாள் துணை ஆளுநர் விரால் ஆச்சார்யா 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நிதித் துறை சாராத மொத்தச் சொத்தில் ஐந்து பெரிய குழுமங்களின் பங்கு 1991-இல் 10 சதவீதமாக இருந்து 2021-இல் ஏறத்தாழ 18 சதவீதமாக உயர்ந்ததாகக் காட்டியபோது பேசியது இந்த இரண்டாவதைத்தான். தாஸ் குப்தா ஆணையம் பிரித்து வைத்த அதே இரண்டை இன்றைய விவாதங்களில் பலர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

செறிவு அதிகம் என்றால் விலை அதிகம் என்று நேராக முடிவு கட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பொருளாதார அறிஞர் ஜோ பெய்ன் 1951-இல் 42 அமெரிக்கத் தொழில்களை ஆராய்ந்து, முதல் எட்டு நிறுவனங்களின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டிய தொழில்களில் இலாப விகிதம் கூடுதல் என்று கண்டார். ஹரால்ட் டெம்செட்ஸ் 1973-இல் அதற்கு வேறு விளக்கம் தந்தார்: திறமையான நிறுவனங்கள் வளர்ந்து பெரிதாகின்றன, இலாபமும் அவற்றுக்குத் திறமையால் வருகிறது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் 11 சிமெண்ட் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, எந்த ஒரு நிறுவனமும் தனித்து ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இல்லை என்று கூறிவிட்டு, அவை ஒன்றுகூடிச் செயல்பட்டன என்ற அடிப்படையில்தான் தீர்ப்பளித்தது. அந்த ஆணை நடைமுறைக் காரணத்துக்காக 2015-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டு, 2016-இல் மறுபடியும் வழங்கப்பட்டு, 2018-இல் தீர்ப்பாயத்தால் உறுதி செய்யப்பட்டு, பின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தென் மாநிலங்களில் ஆலைகளின் எண்ணிக்கை அதிகம், அவற்றின் உற்பத்தித் திறனில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்தது. குறியீட்டை மட்டும் பார்த்தால் இங்கே விலை குறைவாக இருந்திருக்க வேண்டும். குறியீடு சந்தையின் அமைப்பைச் சொல்லும், அதற்குள் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அதற்கு, விலை இறுதிநிலைச் செலவைவிட, அதாவது கூடுதலாக ஓர் அலகு தயாரிக்க ஆகும் செலவைவிட, எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை அளக்க அப்பா லெர்னர் 1934-இல் தந்த குறியீட்டின் பக்கம் போக வேண்டும். அங்கே இறுதிநிலைச் செலவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இந்த ஆண்டு என் மாணவர்களுக்கு ஒரு களப்பணி கொடுத்திருக்கிறேன். சிமெண்ட் மூட்டை ஒவ்வொன்றின் மேலும் ஐஎஸ்ஐ முத்திரையும் அதனுடன் 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அந்த உரிமத்தை ஒரு குறிப்பிட்ட ஆலைக்குத்தான் தருகிறது என்பதால், பெயரைப் படித்து ஏமாறாமல் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆலையைக் கண்டுபிடிக்கலாம். ஆலையிலிருந்து நிறுவனத்துக்கும், நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து அதைக் கட்டுப்படுத்துபவருக்கும் போகலாம். வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரை எல்லையின் இரு பக்கமும் உள்ள கடைகளில், கடைக்காரரின் அனுமதியோடு, பெயர், உரிம எண், கையிருப்பு மூட்டைகள், அன்றைய விலை ஆகிய நான்கையும் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். பெயர் வாரியாக ஒரு முறை, ஆலை வாரியாக ஒரு முறை, உரிமையாளர் வாரியாக ஒரு முறை என்று மூன்று குறியீடுகளைக் கணக்கிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டும் சேர்த்து என்று பிரித்து ஒரே அட்டவணையில் வைப்போம். விற்பனைக்குப் பதிலாகக் கையிருப்பைக் கொள்வதில் உள்ள சிக்கல், வேகமாக விற்கும் சரக்கு கடையில் குறைவாகத் தெரியும் என்பது. அதனால் தென்மேற்குப் பருவமழையில் கட்டட வேலை மந்தமாக இருக்கும்போது ஒரு சுற்றும், ஓணம் கழிந்து வேலை சூடுபிடித்த பிறகு இன்னொரு சுற்றும் எடுக்கிறோம். ஏதேனும் ஒரு வாரத்தின் விற்பனைப் பதிவேட்டைக் காட்டச் சம்மதித்த சில கடைக்காரர்களின் கணக்கோடு ஒப்பிட்டு, கையிருப்பு எண்களைத் திருத்திக்கொள்வதாகத் திட்டம். அட்டவணை முடிந்ததும் இங்கேயே வெளியிடுகிறேன். கடைகளின் பெயர்கள் அதில் இருக்காது, கோடுகள் மூன்றும் எங்கே வரையப்பட்டன என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே எழுதப்பட்டிருக்கும்.